உங்கள் இஷ்டம்

தூத்துக்குடி
1912 ஜூன் 13

அன்புள்ள தங்கச்சி லில்லிக்கு,

அண்ணன் பாக்கியசீலன் எழுதுவது. ஆண்டவர் தயவால் நான் சுகமாயிருக்கிறேன். இந்த உப்புக் காற்றுக்குத் தலைவலிதான் விட்டபாடில்லை. உன் இருமல் நின்றதா? போர்டிங் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? மேட்ரன் சாரம்மாள் அவர்களுக்கு என் வந்தனம் சொல்லவும்.

ஒரு விசேஷம். போன சனிக்கிழமை எங்கள் வாலிபர் சங்கத்தில் மதராஸிலிருந்து வந்த துரை ஒருவர் பேசினார். மனுஷ சுபாவம் நாலு வகையாம்: நெருப்பு, காற்று, தண்ணீர், மண். எதிரே நிற்பவர் எந்த வகை என்று கண்டுகொண்டு அதற்குத் தக்கபடி பேசினால் உத்தியோகத்திலும் சிநேகத்திலும் மனஸ்தாபமே வராது என்றார். நெருப்புக்காரரிடம் சுருக்கமாகப் பேச வேண்டும். காற்றுக்காரரை முதலில் சிரிக்க வைக்க வேண்டும். மண் சுபாவத்துக்கு எதையும் விவரமாக, வரிசையாகச் சொல்ல வேண்டும். தண்ணீர்ச் சுபாவத்தை அவசரப்படுத்தவே கூடாது. இதமாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர்கள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். அவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் பஞ்சுக் கம்பெனியின் பெரிய குமாஸ்தா அருமைநாயகம் அண்ணாச்சியைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். நான் எதைச் சொல்லப் போனாலும், "தலையும் வேண்டாம் வாலும் வேண்டாம், காரியத்தைச் சொல்லும் வே!" என்று பாய்வார். நெருப்பு! திங்கட்கிழமை போய் நின்றுகொண்டே இரண்டே வரி சொன்னேன். "தோணி வரவில்லை. நாளைக்கு ஏற்றவா, வேறு தோணி பிடிக்கவா?" மனுஷர் தலை நிமிர்ந்து பார்த்தார். "வேறே பிடியும். இப்பதான்வே உமக்குப் பேச்சு வந்திருக்கு" என்று சிரித்தார். இரண்டு வருஷத்தில் அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தோணியை ஓட்டும் தண்டல் இன்னாசியை மண் என்று முடிவு பண்ணி, பைய விவரம் விவரமாகச் சொன்னேன். கடைசியில் அவன், "ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா? என்னைக்கும் இல்லாம இன்னைக்கு இப்படிப் பேசுதிய?" என்று கேட்டுவிட்டான். போகட்டும், பழக வேண்டும்.

உன்னையும் நோட்டில் எழுதிவிட்டேன். நீ தண்ணீர். சின்ன வயசிலிருந்தே உனக்குச் சத்தம் போடத் தெரியாது.

உன் சுகத்துக்கு எப்போதும் ஜெபிக்கும் அண்ணன்,
பாக்கியசீலன்


பாளையங்கோட்டை
1912 ஜூன் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

லில்லி வந்தனத்தோடு எழுதிக்கொண்டது. இங்கு நானும் என்னோடு இந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் எலிசபெத்தும் சுகம். இருமல் போய்விட்டது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். தலைவலிக்குச் சுக்கு அரைத்துப் பற்றுப் போடுங்கள். பிரசங்கம் கேட்டால் போகாது.

உங்கள் வித்தையை நானும் மேட்ரன் அம்மாளிடம் காட்டினேன். அவர்கள் மண். ஆற்றுக்குப் போக அனுமதி கேட்டால் எப்போதும், "இங்கன கிணறு இல்லையா பிள்ளே?" என்றுதான் பதில் வரும். இந்தத் தடவை எத்தனை மணிக்குப் புறப்படுவோம், எந்தத் தெரு வழியாகப் போவோம், துணைக்கு எந்த ஆயா, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி நீட்டினேன். தாளை இரண்டு தரம் வாசித்தார்கள். "போங்க" என்றார்கள்! எலிசபெத் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

ஆனால் எலிசபெத்தை எந்த வகையில் போடுவதென்றுதான் தெரியவில்லை. பிள்ளைகளிடம் நெருப்பு, என்னிடம் காற்று, கோயிலில் தண்ணீர், அவளுடைய அம்மாவிடமிருந்து கடிதம் வந்தால் இரண்டு நாளைக்குக் கல். உங்கள் துரையிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

என்னைத் தண்ணீர் என்று எழுதினீர்களே, எந்தத் தண்ணீரைப் பார்த்து எழுதினீர்கள்? ஆனி ஆடி வெள்ளத்தில் வந்து நம் ஆற்றைப் பாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் தங்கை,
லில்லி


தூத்துக்குடி
1912 ஜூலை 8

என் அருமைத் தங்கச்சி லில்லிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். நான் சுகம், உன் சுகமே என் சந்தோஷம். உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். உன்னைப் போல் அழகாக எழுத நம் குடும்பத்தில் ஆள் இல்லை. அப்பா இருந்திருந்தால் தெருவெல்லாம் வாசித்துக் காட்டியிருப்பார்.

இங்கே காற்று அதிகம். துறைமுகத்தில் வேலை மந்தம். ஞாயிற்றுக்கிழமை அருமைநாயகம் அண்ணாச்சி என் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியில்தான் அப்படிச் சீறுகிறாரே தவிர நல்ல மனுஷர். மூன்று வருஷத்துக்கு முன் சம்சாரம் தவறிப்போனார்கள். பிள்ளை இல்லை. தாமே பொங்கிச் சாப்பிடுகிறார். உன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "தங்கச்சியா வே?" என்றார். பிறகு அவராகவே ஒரு காரியத்தைப் பைய ஆரம்பித்தார். உனக்குச் சொல்லாமலே விளங்கும்.

இதில் அவசரம் ஒன்றும் இல்லை. உன்னை ஒருவரும் நெருக்கவில்லை. இப்படி ஒரு நல்ல மனுஷர் இருக்கிறார் என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஆற அமர யோசி. உன் மனசு எப்போதும் நல்லதைத்தான் தேர்ந்தெடுக்கும் என்று எனக்குத் தெரியும்.

உனக்கு ஒரு நல்ல குடை வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் நன்மையையே நினைக்கும் அண்ணன்,
பாக்கியசீலன்


தூத்துக்குடி
1912 ஆகஸ்டு 14

என் அருமைத் தங்கச்சிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். நான் சுகம். ஐந்து வாரமாக உன் கையெழுத்தைப் பார்க்கவில்லை. வேறொரு அண்ணனாக இருந்தால் கவலைப்பட்டிருப்பான். நான் கவலைப்படவில்லை. உன் மனசு எனக்குத் தெரியும். நீ நிதானமாக யோசிக்கிறாய். மறுப்பு இருந்தால் மறு தபாலிலேயே எழுதியிருப்பாய்.

அருமைநாயகம் அண்ணாச்சி அடிக்கடி விசாரிக்கிறார். நான்தான், "தங்கச்சி அமைதியான பிள்ளை, பைய வருவாள்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்குக் காத்திருக்கிற பழக்கம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஆகஸ்டுக்குள் ஒரு வார்த்தை தெரிந்தால் எல்லாருக்கும் சௌகரியம்.

அப்பா கடைசியாக என் கையைப் பிடித்து உன்னை ஒப்புக்கொடுத்ததை இந்த நாட்களில் அதிகமாக நினைக்கிறேன். அம்மா இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள்! நீ என்ன எழுதினாலும் உன் அண்ணனுக்குச் சம்மதமே. நல்ல வார்த்தையாக எழுதுவாய் என்று காத்திருக்கிறேன்.

உன் அன்பை நம்பியிருக்கும் அண்ணன்,
பாக்கியசீலன்


பாளையங்கோட்டை
1912 ஆகஸ்டு 26

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம். இங்கே பரீட்சை நடக்கிறது.

நீங்கள் எழுதிய காரியம்: உங்கள் இஷ்டம்.

லில்லி


தூத்துக்குடி
1912 செப்டம்பர் 6

கண்ணான தங்கச்சி லில்லிக்கு,

அண்ணன் ஆயிரம் ஆசீர்வாதங்களோடு எழுதுவது. நான் பரம சுகம். தலைவலி கூடப் போய்விட்டது!

உன் கடிதத்தைப் பார்த்ததும் மேஜை மேல் தாளம் போட்டுவிட்டேன். பக்கத்துக் குமாஸ்தா என்னவோ என்று எழுந்து வந்தான். அந்த நோட்டு பொய் சொல்லவில்லை. தண்ணீரை அவசரப்படுத்தாமல் காத்திருந்தேன், அதுவாகவே வழிக்கு வந்துவிட்டது. ஒரே வார்த்தையில் உன் மனசை என் கையில் கொடுத்துவிட்டாயே, நீ எப்பேர்ப்பட்ட பிள்ளை!

காரியம் வேகமாக நடந்துவிட்டது. இரண்டு ஊர்க் கோயிலுக்கும் கல்யாண ஓலை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வருகிற எட்டாந்தேதி, பதினைந்து, இருபத்திரண்டு, மூன்று ஞாயிறும் இங்கேயும் அங்கேயும் ஆராதனையில் வாசித்துத் தடை உண்டா என்று கேட்பார்கள். தடை சொல்ல ஆள் இல்லையென்றால் அக்டோபர் முதல் வாரத்திலேயே விவாகத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சி சொல்லுகிறார். இந்தக் கடிதம் சனிக்கிழமையே உனக்குக் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போ. எல்லாரும் உன்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

இதோடு இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. அதை நேரில் சொல்லுகிறேன்.

சந்தோஷத்தில் கை ஓடாத அண்ணன்,
பாக்கியசீலன்


பாளையங்கோட்டை
1912 செப்டம்பர் 9

அண்ணனுக்கு,

நீங்கள் சனிக்கிழமை வரும் என்று எழுதிய கடிதம் இன்று திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. தபால் முத்திரையைப் பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம்தான் பெட்டியில் போட்டிருக்கிறீர்கள்.

நேற்றுக் கோயிலில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். குருவானவர் ஓலையை எடுத்தார். "காலஞ்சென்ற உபதேசியார் ஞானையா குமாரத்தி லில்லி" என்று வாசித்தார். வேறே எந்த ஞானையா என்று யோசித்தேன், அண்ணா. சத்தியமாக அப்படித்தான் யோசித்தேன். என் பக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"உங்கள் இஷ்டம்" என்றால் உங்களுக்கு என்னவென்று தெரியாதா? நாம் இரண்டு பேரும் எந்த வீட்டில் வளர்ந்தோம்? அம்மா அந்த வார்த்தையை எப்போது சொல்வார்கள்? அப்பா கடனுக்கு மாடு பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பினபோது, "உங்க இஷ்டம்" என்றார்கள். அப்பா கால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். உங்களைப் பன்னிரண்டு வயதில் நாசரேத்துக்குப் படிக்க அனுப்புகிறேன் என்றபோதும் அம்மா, "உங்க இஷ்டம்" என்றார்கள். ஒரு வருஷம் கழித்துத்தான் உங்களை அனுப்பினார்கள். நம் வீட்டில் அந்த வார்த்தைக்கு மேலே கோபமான வார்த்தை கிடையாது. இதை உங்கள் துரை வந்து சொல்லித்தர வேண்டுமா?

நேராகவே மாட்டேன் என்று எழுதியிருக்கலாம். அது என் தப்புத்தான். என்னைப் படிக்க வைத்தவர் நீங்கள் என்கிற பயத்தில் கை வரவில்லை. இப்போது வந்துவிட்டது. எனக்கு இஷ்டமில்லை. அவர் நல்லவராக இருக்கலாம். அவரை நான் பார்த்ததில்லை, பார்க்க ஆசையும் இல்லை. நான் வேலை பார்க்க வேண்டும்.

இன்றைக்கே இரண்டு குருவானவருக்கும் எழுதி ஓலையை நிறுத்துங்கள்.

லில்லி


தூத்துக்குடி
1912 செப்டம்பர் 12

என் அருமைத் தங்கச்சிக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். நான் சுகம், நீ சரியாகச் சாப்பிடுகிறாயா என்பதே என் கவலை.

உன் கடிதம் கிடைத்தது. முன்கூட்டித் தெரியாமல் கோயிலில் கேட்க நேர்ந்தது எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. உன் மனசை நான் முழுவதும் புரிந்துகொள்கிறேன். அந்தக் கடிதத்தை ஆபீஸ் பையனிடம் கொடுத்தது என் பிழை. மன்னித்துக்கொள். தண்ணீரில் கல் விழுந்தால் கொஞ்ச நேரம் கலங்கும், பிறகு தானாகத் தெளியும். உன்னைப் போன்ற மென்மையான சுபாவத்துக்கு முதலில் இப்படித்தான் இருக்கும். எதையும் இப்போது முடிவு பண்ணாதே. நன்றாக ஓய்வெடு.

ஒன்று மட்டும் யோசித்துப் பார். அருமைநாயகம் அண்ணாச்சி நெருப்பு. ஒரு ஞாயிறு ஓலை வாசித்த பிறகு பெண் வீட்டார் மாட்டோம் என்றால் அவர் எப்படித் தாங்குவார்? ஊரார் முன் அவமானம். அவர் கீழே உட்கார்ந்து வேலை செய்கிறவன் நான். ஆபீஸில் ஒரு நாள் என்னை நிற்க விடுவாரா?

தசரா விடுமுறைக்கு நேரில் வருகிறேன். அது வரைக்கும் அமைதியாக இரு.

உன் கண்ணீரைத் துடைக்க ஆசைப்படும் அண்ணன்,
பாக்கியசீலன்


பாளையங்கோட்டை
1912 செப்டம்பர் 16

அண்ணனுக்கு,

தசராவுக்குள் மூன்றாம் ஓலையும் முடிந்துவிடும். அது எனக்குத் தெரியாதென்று நினைத்தா எழுதினீர்கள்?

நேற்று இரண்டாம் தடவை வாசித்தார்கள். ஆராதனை முடிந்ததும் நான் குருவானவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு இஷ்டமில்லை ஐயா என்றேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "கல்யாணத்துக்கு முந்தி பெண்பிள்ளை அழுகிறது உள்ளதுதானம்மா. உங்க அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்காரே. அவர் எழுதட்டும், நிறுத்துகிறேன்" என்றார். குருவானவர் அம்மாள் எனக்குக் காப்பி கொடுத்தார்கள். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்யச் சொல்லுகிறீர்கள்? மேட்ரன் அம்மாளிடம் தூத்துக்குடிக்கு வர லீவு கேட்டேன். மாப்பிள்ளை இருக்கும் ஊருக்குக் கல்யாணத்துக்கு முன்னால் போவதாவது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உங்களுடைய கடைசிக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. அதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தேடினேன். "உன் மனசை முழுவதும் புரிந்துகொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நீங்கள் பேசுகிற பேச்சா? உங்களுக்குக் கோபம் வந்தால், "சவத்து மூதி, உனக்கு என்ன தெரியும்" என்று சத்தம் போடுவீர்கள். சின்ன வயசில் என் ஜடையைப் பிடித்து இழுத்தவர் நீங்கள். இப்போது நான் மாட்டேன் என்று எழுதினால் ஜடையை இழுக்க வேண்டாமா? ஓய்வெடு என்கிறீர்கள். நீங்கள் எனக்குக் கடிதம் எழுதவில்லை, அண்ணா. நோட்டைப் பார்த்துத் தண்ணீருக்கு எழுதுகிறீர்கள். அப்படியென்றால் நான் யாரிடம் சண்டை போடுவது?

இருபத்திரண்டாந்தேதி கடைசி. நீங்கள் குருவானவருக்கு எழுத வேண்டும், இல்லையென்றால் உங்கள் கோயிலில் எழுந்து தடை சொல்ல வேண்டும். ஆம் என்று சொன்னது நீங்கள். இல்லை என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லுவேன் என்று ஒரு கார்டில் எழுதுங்கள். சொல்ல மாட்டேன் என்றாலும் எழுதுங்கள். எதையும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

லில்லி


பாளையங்கோட்டை
1912 செப்டம்பர் 22, ஞாயிறு மத்தியானம்

அண்ணனுக்கு,

செவ்வாயிலிருந்து சனி வரை ஒவ்வொரு தபாலுக்கும் வாசலில் போய் நின்றேன். தபால்காரர் கடைசியில் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரிக்க ஆரம்பித்துவிட்டார்.

இன்று ஓலை வாசித்தார்கள். தடை உண்டானால் இப்போது சொல்ல வேண்டும் என்று குருவானவர் கேட்டார். நான் எழுந்தேன். எலிசபெத் என் சேலையைப் பிடித்தாள். உட்கார வைக்கவா தைரியம் சொல்லவா, எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாதாம். கோயில் முழுக்கத் திரும்பியது. குரல் எங்கிருந்தோ நன்றாக வந்தது.

"தடை உண்டு ஐயா."

"என்ன தடை அம்மா?"

"எனக்கு இஷ்டமில்லை."

குருவானவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க அண்ணன் சம்மதம் எழுதியிருக்காரே?" என்றார்.

"அது அண்ணனுக்கு இஷ்டம் ஐயா. எனக்கு இல்லை."

பின் வரிசையில் ஒரு அம்மாள், "ஏளா, இது என்ன காலம்!" என்றார்கள். ஓலையை மடித்து வைத்துவிட்டார்கள். ஆராதனை முடியும் வரை நின்றுகொண்டே இருந்தேன். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.

முந்நூறு பேர் முன்னால் உங்களைப் பொய்யராக்கிவிட்டேன். உங்கள் வேலை போனால் அது என்னால்தான். அதற்காக அழுகிறேன். ஆனால் செய்ததற்காக அழவில்லை. இனி நீங்கள் எனக்கு எழுத மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

லில்லி


தூத்துக்குடி
1912 செப்டம்பர் 22, ஞாயிறு பிற்பகல்

லில்லிக்கு,

ஓலையை நிறுத்திவிட்டேன். முதலில் அதைத் தெரிந்துகொள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே கிடைத்தது. பதில் எழுத ஐந்து நாளும் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தாளும் நோட்டு மாதிரியே வந்தது. கிழித்துப் போட்டேன். எழுந்து சொல்லுவேன் என்று எழுதவும் தைரியமில்லை, மாட்டேன் என்று எழுதவும் தைரியமில்லை. கோயிலுக்குள் போகும்போதும் தீர்மானம் இல்லாமல்தான் போனேன். உன் பெயரை வாசித்ததும் கால் தானாக எழுந்துகொண்டது. "தடை உண்டு. என் தங்கச்சிக்கு இதில் இஷ்டமில்லை. சம்மதம் என்று நான் சொன்னது பொய்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

அருமைநாயகம் அண்ணாச்சி இரண்டு வரிசைக்கு முன்னால் புதுக் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். இப்போது வெடிப்பார் என்று பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கோயிலுக்கு வெளியே மரத்தடியில் நின்றிருந்தார். போனேன். என்னை அடிப்பார் என்றே போனேன். "மூணு தரம் கேட்டேனே வே, பிள்ளை தன் வாயால சொல்லிச்சான்னு. சொல்லிச்சுன்னீரே" என்றார். சத்தமே இல்லை. கண் கலங்கியிருந்தது. "என்னை என்னன்னு நெனச்சீர்? மாட்டேன்னு சொன்னா நான் கடிச்சா தின்னுருவேன்?" என்றார். போய்விட்டார். நெருப்பு என்று எழுதி வைத்திருந்தேனே, அந்த மனுஷரைத்தான் சொல்லுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவராகவே இந்தக் காரியத்தை ஆரம்பித்தார் என்று எழுதினேன். பொய். போட்டோவை எடுத்துக் காட்டினதும், பேச்சை எடுத்ததும் நான்தான். கொழும்புக் கிளைக்கு ஒரு குமாஸ்தா வேண்டும். யாரை அனுப்புவது என்பது அவர் கையில் இருக்கிறது. அதுதான் நேரில் சொல்ல வைத்திருந்த நல்ல செய்தி. அவர் ஒரு நாளும் அதைப் பேரம் பேசவில்லை. நான் மனசுக்குள் பேசிக்கொண்டேன். சனிக்கிழமை கடிதத்தைப் பெட்டியில் போட்டதும் நான்தான், பையன் இல்லை. தபால் போன பிறகு போட்டேன், ஓலை வாசித்துவிட்டால் நீ ஒன்றும் சொல்ல மாட்டாய் என்று.

அம்மா அந்த வார்த்தையை எப்போது சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், லில்லி. வாசித்த உடனே தெரிந்தது. தெரியாதது போல் மேஜை மேல் தாளம் போட்டேன்.

நாளைக்கு ஆபீஸில் என்ன ஆகுமோ தெரியாது. நீ எனக்கு எழுதுவாயா?

பாக்கியசீலன்


பாளையங்கோட்டை
1912 செப்டம்பர் 26

அன்புள்ள அண்ணனுக்கு,

லில்லி வந்தனத்தோடு எழுதிக்கொண்டது. நான் சுகமில்லை. காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். ஆனாலும் சுகம் என்று எழுத மனசு வரவில்லை.

என் ஞாயிற்றுக்கிழமைக் கடிதம் உங்களுக்குச் சேர்ந்திருக்கும். உங்களுடையது இங்கே சேர்ந்தது. வாசித்துவிட்டு எலிசபெத் கையில் கொடுத்து அவளையும் வாசிக்கச் சொன்னேன், நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று. அவள் வாசித்துவிட்டு மணியைக் கணக்குப் பார்த்தாள். இரண்டு கோயிலிலும் ஏழரை மணிக்கு ஆராதனை. நாம் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறோம்.

அண்ணா, ஒரு கார்டு. "எழுவேன்" என்று ஒரு வார்த்தை. அது வெள்ளிக்கிழமை வந்திருந்தால் நான் உட்கார்ந்திருப்பேன். என் கோயிலில் யாரும் என்னைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது போர்டிங் பிள்ளைகளின் தாய்மார் மேட்ரன் அம்மாளிடம் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். வளர்ந்த பிள்ளைகள் வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஜனவரியில் கொற்கைப் பக்கம் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துக்கு என்னை மாற்றுகிறார்களாம். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அருமைநாயகம் அண்ணாச்சியிடமிருந்து நேற்று ஒரு கடிதம் வந்தது. நான்கு வரி. "உன்னிடமே கேட்டிருக்க வேண்டும் அம்மா. உன் அண்ணனிடம் கேட்டது என் பிழை. அவனுக்கு ஆபீஸில் என்னால் ஒரு குறையும் வராது. நீ கவலைப்படாதே" என்று எழுதியிருக்கிறார். அதை வாசித்துத்தான் அழுதேன். அவரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளத் தோன்றவில்லை. ஆனால் அவருக்கு இப்படி நேர்ந்திருக்க வேண்டாம். நீங்கள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். சுருக்கமாகவா விவரமாகவா என்று யோசிக்காமல் போங்கள்.

உங்களுக்கு எழுதுவேனா என்று கேட்டீர்கள். எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தெரிந்தே செய்தீர்கள் என்ற வரியை என்னால் இன்னும் தாண்ட முடியவில்லை. இத்தனையிலும் அந்த ஒரு கடிதத்தைத்தான் நீங்கள் நோட்டைப் பார்க்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

தசராவுக்கு வாருங்கள். இங்கே எலிசபெத்தின் சொந்தக்காரர் வீட்டில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் திட்டுவேன், நிறைய இருக்கிறது. சமாதானம் சொல்லாமல், என் மனசு புரிகிறது என்று தலையாட்டாமல் முழுவதும் கேட்க வேண்டும். கோபம் வந்தால் நீங்களும் சத்தம் போடலாம். முடிந்த பிறகு சாப்பிடலாம்.

தங்கை,
லில்லி